பூரணி வீட்டு ஒழுக்கைக் காத்த கட்சி

டயகமத்துக்குப் போகிற பாதையில் இருக்கிறது குயில்மலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்தில், ஐந்தாவது காம்பராவில் குடியிருந்த பூரணியின் கூரை ஒழுகியது. இது செய்தி அல்ல. அந்த லயத்தில் ஒரு கூரையாவது ஒழுகாமல் இருந்திருந்தால் அதுதான் செய்தி. கொழும்பிலிருந்து நிருபர்கள் வந்து படம் பிடித்துப் போயிருப்பார்கள். ஆனாலும் போன பாராளுமன்றத் தேர்தலில் பூரணி வீட்டு ஒழுக்கு மாவட்டத்தின் தலையாய பிரச்சினையாகி, பெருஞ்செலவில் பாதுகாக்கப்பட்டது. அதை நிறுத்துவதற்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வைத்திருந்தவள் பூரணி ஒருத்திதான்.

விசாரித்ததற்குக் காரணம் அவள் மகள். ராகலையில் வாழ்க்கைப்பட்ட லோஜினி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவிருந்தாள். ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு வந்தாலும், பச்சைப்பிள்ளையைக் கிடத்த நனையாத ஒரு மூலை வேண்டும். காம்பராவில் நான்கு மூலைகள் இருந்தன. மூன்றில் ஒழுகியது. நான்காவதில் அடுப்பு இருந்தது.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணியும் புருஷன் அழகுமுத்தும் அக்கரபத்தனை டவுனில் முனாப் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனார்கள். பூரணி கொழுந்து பறிப்பவள். அழகுமுத்து தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மெஷின் துடைப்பவன். பேச்சுக் குறைவு, தலையாட்டல் அதிகம்.

"ஏழு தகரம் இருந்தா போதும் முனாப் நானா. வெல சொல்லுங்க," என்றாள் பூரணி.

முனாப் சொன்னார். அழகுமுத்து பக்கத்திலிருந்த சீமெந்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னயப் பாக்காதீங்க தங்கச்சி. இது நான் வச்ச வெல இல்ல, டொலர் வச்ச வெல," என்றார் முனாப். "எலெக்சன் வருதுதானே? எவனாச்சும் ஒருத்தன் தருவான். கேட்டுத்தான் பாருங்களேன்."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

பூரணிக்குத் தேர்தல்கள் புதியவை அல்ல. அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் வேட்பாளர் நடந்தே வந்தார். கோதுமை மாவில் காய்ச்சிய பசை வாளியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கையால் பிளேன்டீ வாங்கிக் குடித்து, கூரையை அண்ணாந்து பார்த்து, "செய்வோம்மா," என்றார். அடுத்த தேர்தலில் அவருடைய மகன் ஜீப்பில் வந்தார். ஒலிபெருக்கி இருந்தது, ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி இருந்தது. அவர் வாசலில் நின்றபடியே கூரையைப் பார்த்தார். அதற்கடுத்த முறை வரிசையாக வாகனங்கள், தொப்பி, டீசேர்ட், பட்டாசு. அவர் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார். அதற்கும் அடுத்த முறை அவர் வரவே இல்லை. பெரிய திரை பூட்டிய லொறி ஒன்று வந்து நின்றது, திரைக்குள்ளிருந்து கை காட்டினார். செலவு ஏற ஏற மனிதர் தூரமாகிக்கொண்டே போவதைப் பூரணி கவனித்திருந்தாள்.

"இந்த வாட்டி நிலாவுலேருந்து கை காட்டுவாரு, பாத்துக்கிட்டே இருங்க," என்று அவள் பீலிக்கரையில் சொன்னபோது, துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சவர்க்காரத்தைத் தவறவிட்டுச் சிரித்தார்கள்.

அந்த மகன்தான் இப்போது மலைக்குடி மக்கள் முன்னணியின் தலைவர். சின்னம், கரண்டி.

ஒரு மழை நாளில் கரண்டிக் கட்சியின் பிரசாரப் பணிப்பாளர் சுதாகரன் கமராக்காரர்களோடு லயத்துக்கு வந்தான். கொழும்பில் விளம்பரம் படித்தவன். ஏழ்மை தேடி எட்டுத் தோட்டம் அலைந்து, எதுவும் திருப்தியில்லாமல் வந்திருந்தான். பூரணி வீட்டுக்குள் குனிந்து நுழைந்ததும் அசையாமல் நின்றான். கூரையிலிருந்து ஒரு சொட்டு புறப்பட்டு, அலுமினியச் சட்டியில் 'டங்' என்று விழுந்தது. சுதாகரனின் கண்கள் கலங்கின.

"அக்கா, இது எத்தன காலமா ஒழுகுது?"

"நான் கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து."

"அருமை!" என்றான். கையை நீட்டி அடுத்த சொட்டை உள்ளங்கையில் வாங்கினான். "இந்தச் சத்தத்த ஸ்டூடியோவுல செய்யிறதுக்கு என்னா பாடு தெரியுமா? இங்க சும்மா கொட்டுது!"

பூரணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

"ஏழு தகரம் இருந்தா நிறுத்திரலாம் தம்பி."

சுதாகரனின் முகம் வெளிறியது. "நிறுத்துறதா? தேர்தல் முடியிற வரைக்கும் இந்தக் கூரையில யாரும் கை வைக்கப்படாது அக்கா. ஒரு ஆணிகூட அடிச்சிராதீங்க."

"எம் மக புள்ளத்தாச்சியா வரப்போறா தம்பி."

"வரட்டும், வரட்டும். அதுவும் நல்லதுதான். ஓரமா நின்னா படத்துல விழும்."

"ஏழு தகரம் குடுத்தா கட்சி என்னா கொறஞ்சா போயிரும்?"

சுதாகரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, வாக்காளருக்குப் பொருள் குடுத்தா அது லஞ்சம். தேர்தல் சட்டப்படி குத்தம். ஏழு தகரத்தால ஐயாவோட பதவியே பறிபோயிரும். நாங்க சட்டத்த மதிக்கிற கட்சி."

"அப்ப இந்த வேனு, கமரா, இத்தன ஆளுங்க? இதெல்லாம் செலவு இல்லியா?"

"இது உங்களுக்குக் குடுக்குறது இல்லியே! உங்கள வச்சு மத்தவங்களுக்குக் காட்டுறது. இதுக்குப் பேரு பிரசாரம்."

அழகுமுத்து தலையாட்டினான். பூரணி முறைத்ததும், ஆட்டிய தலையை மறுபக்கமாக ஆட்டிச் சரிசெய்தான்.

மறுநாள் காலையிலேயே 'கூரைப் பாதுகாப்பு அணி' வந்து இறங்கியது. கரண்டி அச்சிட்ட டீசேர்ட்டில் இரண்டு இளந்தாரிகள், உட்கார இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். யாரும் வந்து கூரையைத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பணி. காவல் இருப்பவர்கள் நனையக் கூடாது என்று பூரணி வீட்டு வாசலில் அவர்களுக்குப் புத்தம்புதிய தறப்பாளில் ஒரு கூடாரம் போடப்பட்டது. அது ஒழுகவில்லை. மழை பெய்தபோது அழகுமுத்து பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அந்தக் கூடாரத்தில் படுத்துக்கொண்டான்.

பாதுகாப்பு தேவைதான் என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள், அதாவது தொப்பிச் சின்னத்துக்காரர்கள், நான்கு தகரத்தோடும் இரண்டு கமராவோடும் வந்து, பூரணி வீட்டுக் கூரையைத் திருத்தியே தீருவோம் என்று கோஷம் போட்டார்கள்.

"ஒழுக்கு எங்களுது! நாங்கதான் மொதல்ல கண்டுபிடிச்சோம்!" என்று கரண்டிக்காரர்கள் மறித்தார்கள்.

"ஏழைங்க எல்லாருக்கும் பொது!" என்றார்கள் தொப்பிக்காரர்கள்.

ஒரு தகரத்தின் இந்த முனையை இவர்களும் அந்த முனையை அவர்களும் பிடித்து இழுத்தார்கள். பூரணி நடுவில் ஓடினாள். "ஐயோ, வளைச்சுப்புடாதீங்க! அதயாச்சும் வச்சிட்டுப் போங்க சாமி!" தகரம் குடை போல வளைந்து, எல்லோரும் சேற்றில் விழுந்தபோது பொலிஸ் வந்தது. தடித்த மீசையோடு ஒரு சார்ஜன்ட். சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மே வஹல காகெத?" இந்தக் கூரை யாருடையது?

"அபே!" என்றன இரு கட்சிகளும் ஒரே குரலில். எங்களுடையது.

"மகே மாத்தயா," என்றாள் பூரணி. என்னுடையது.

சார்ஜன்ட் கூரையைப் பார்த்தார். பிறகு பூரணியைப் பார்த்தார். ஆழ்ந்த அனுதாபத்தோடு தலையசைத்துவிட்டு, நான்கு தகரங்களையும் சான்றுப் பொருளாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

படப்பிடிப்பு நாளில் வெயில் கொளுத்தியது. சுதாகரன் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. தண்ணீர் பௌசர் ஒன்றைத் தருவித்து, லயத்துக்கே குடிதண்ணீர் தருகிற தொட்டியைக் காலிசெய்து நிரப்பி, குழாயைக் கூரை மேல் திருப்பினான். வழக்கமாக மூன்று சட்டிகளில் அடங்குகிற மழை அன்று பாய், தலையணை, அரிசிப் பானை, காலண்டரிலிருந்த முருகன் உட்பட எல்லாவற்றையும் நனைத்தது.

"அழுங்க அக்கா! இப்ப அழுங்க!" என்று சுதாகரன் கத்தினான்.

பூரணி உண்மையாகவே அழும் நிலையில்தான் இருந்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்துக் குழாய் பிடித்தவன் பாசியில் வழுக்க, தண்ணீர் பீறிட்டுச் சுதாகரனைக் கதவோடு சேர்த்து அறைந்தது. பூரணியால் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, அழகுமுத்து சிரிக்க, கூரைப் பாதுகாப்பு அணியும் சிரித்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிரித்தாள். பௌசர் காலியானதும் படப்பிடிப்பும் முடிந்தது.

"ஏழ்மை நல்லாருக்கு," என்று சுதாகரன் தலையைத் துவட்டிக்கொண்டே தொலைபேசியில் சொன்னான். "ஆள்தான் சரியில்ல."

அடுத்து, தலைவரே இந்த வீட்டுக்கு வந்து ஒழுக்கின் கீழ் நிற்பது என்று திட்டம். ஆனால் தலைவரின் புதிய வாகனம் தோட்டத்துப் பாதைக்கு ஏற்றதல்ல. பாதையைத் திருத்தலாம் என்று யாரோ சொன்னார்கள்; அது வாக்காளருக்கு லஞ்சம் ஆகிவிடும் என்று கட்சியின் சட்டத்தரணி தடுத்துவிட்டார். எனவே தலைவர் வீட்டுக்கு வர முடியாவிட்டால், வீட்டைத் தலைவரிடம் கொண்டுபோவது என்று முடிவானது.

பத்து நாள் கழித்துப் பூரணியையும் அழகுமுத்துவையும் வேனில் ஏற்றி ஹட்டனுக்குக் கூட்டிப்போனார்கள். 'வாழ்விட ஆலோசகர்கள்' என்று கழுத்தில் அட்டை மாட்டினார்கள். மைதானத்தில் ஊர்வலம் போல லொறிகள் நின்றன. பெரிய மேடை. மேடையின் மேல் பூரணியின் வீடு.

பூரணி மேடையேறித் தொட்டுப் பார்த்தாள். கதவில் கரி பிடித்த இடம், ஜன்னலில் அடைத்த உரப்பை, எல்லாம் அப்படியே இருந்தது. அளவு மட்டும் கூடியிருந்தது. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஏழ்மை சிறிதாகத் தெரியும் என்று, வீட்டை ஒரு தியேட்டர் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். தேக்கு மரச் சட்டம். கூரை முழுவதும் புதுத் தகரம். அழகுமுத்து எண்ணத் தொடங்கி, பாதியில் கழுத்து வலித்து நிறுத்தினான்.

கூரையின் மேல் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அடிமட்டம் வைத்துப் புள்ளி குறித்து, மின்துளைப்பானால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அழகுமுத்து அன்று வாய் திறந்தான். "தம்பி... அந்தக் கடைசி வரியில மட்டுமாச்சும் ஓட்ட போடாம விட்டீங்கன்னா..."

"ஓட்டை போடாட்டி அது உங்க வீடுன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றான் சுதாகரன். "மேல துளைக்கிறவரு சாதாரண ஆள் இல்ல. ஒரு ஓட்டைக்கு இவ்வளவுன்னு வாங்குறாரு."

பூரணி பூரணியாக நடிக்க வேண்டும் என்பதற்காக ஒத்திகை வைத்தார்கள். சட்டியை எடுத்தாள், ஒழுகுகிற இடத்தில் வைத்தாள், நிறைந்ததும் வெளியே ஊற்றினாள். வருஷக்கணக்காகச் செய்கிற வேலை, பத்து நொடியில் முடித்துவிட்டாள்.

ஒத்திகையை நடத்திய நெறியாளர் உதட்டைப் பிதுக்கினார். "சோகம் பத்தல."

"இன்னும் எவ்வளவு வேணுங்க?" என்று கேட்டாள் பூரணி.

அவள் தேறவில்லை. வினோதா என்ற தொலைக்காட்சி நடிகை பூரணியாகத் தெரிவுசெய்யப்பட்டாள். நல்ல பெண். நகப்பூச்சை அழித்துக்கொண்டே பூரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டியை எப்படிப் பிடிப்பது, இடுப்பில் சேலையை எப்படிச் செருகுவது என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நெசமாவே வீட்டுல இப்படித்தானா அக்கா?"

"எங்க வீட்டுல தண்ணி ஜில்லுன்னு இருக்கும்மா. இங்க வெதுவெதுன்னு விடுறாங்க."

"ஆமாக்கா, எனக்குச் சளி பிடிக்கும்னு ஹீட்டர் வச்சிருக்காங்க," என்று வினோதா வெட்கப்பட்டாள்.

கூட்டத்தன்று ஹட்டன் நிரம்பி வழிந்தது. மைதானத்துக்கு மேலே, கட்டிடம் போன்ற ஒரு கரண்டி பலூன் கயிற்றில் ஆடியது. தலைவர் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். இறங்கிய காற்றில் கயிறு அறுந்து, கரண்டி வாய் கவிழ்ந்தபடி கினிகத்தேனைப் பக்கமாகப் பறந்தது. பொல்பிட்டியவுக்கு அப்பால் அது மின்கம்பியில் போய் உட்கார, அந்தப் பக்கத்து ஊர்களில் கரண்ட் போனது. "நாட்டுக்கே நம் சின்னம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது!" என்று அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் முழங்கினார்.

மேடை வீட்டில் செயற்கை மழை தொடங்கியது. வினோதா சட்டி வைத்தாள். பார்த்திருந்த ஆயிரக்கணக்கான பேர் உச்சுக்கொட்டினார்கள். கீழே பூரணிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்து, "பாவம் அந்தம்மா," என்றாள்.

"பாவந்தான்," என்றாள் பூரணி. அவளுக்கும் கொஞ்சம் அழுகை வந்தது.

தலைவர் ஒழுக்கின் கீழ் நின்று, வினோதாவின் தோளில் கை போட்டுப் பேசினார்:

"என் உயிரிலும் மேலான உறவுகளே! ஏழைகளுக்காகக் கண்ணீர் விட்ட தலைவர்கள் பலர். கண்ணீர் மலிவானது! நான் கேட்கிறேன், உங்கள் ஏழ்மைக்காக என்னைப் போலக் காசைக் கொட்டியவர் யார்? இந்தக் கூரையைப் பாருங்கள். இதிலுள்ள ஒவ்வொரு ஓட்டையும் கொழும்பிலிருந்து ஆள் கொண்டுவந்து போட்ட ஓட்டை! என் தந்தை உங்களிடம் பசை வாளியோடு வந்தார். நான் ஜீப்பில் வந்தேன். போன முறை திரை கொண்டுவந்தேன். இந்த முறை வீட்டையே கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த முறை லயத்தையே கொண்டுவருவேன்! இதுதான் அபிவிருத்தி! எங்கள் குடும்பம் இந்தக் கூரையை ஒரு தேர்தலில்கூட மறந்ததில்லை. இனியும் இது ஒழுகும்வரை மறக்க மாட்டோம்!"

கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. அதோடு உண்மையான மழையும் வந்துவிட்டது. சனம் ஒதுங்க இடமில்லாமல் மேடையை நோக்கி ஓடியது. சுதாகரன் பதறிப்போய்க் கட்டளையிட்டான். தொண்டர்கள் பாய்ந்து, ஒழுகும் வீடு நனைந்துவிடாதபடி அதன் மேல் தறப்பாள் போட்டு மூடினார்கள்.

தலைவர் அமோகமாக வென்று, பிரதி அமைச்சரானார். கூரைப் பாதுகாப்பு அணி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. லோஜினி நிறைமாத வயிற்றோடு வந்து இறங்கினாள். முதல் இரவே தலையணையை அடுப்படிக்கு நகர்த்தினாள். அதைப் பார்க்கப் பூரணிக்குப் பொறுக்கவில்லை. காலையில் சுதாகரனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, எலெக்சன் முடிஞ்சிருச்சு. இனி குடுத்தா லஞ்சம் இல்லதானே?"

"எலெக்சன் முடிஞ்ச பொறகு எதுக்கு அக்கா குடுக்குறது?" என்றான் சுதாகரன், உண்மையாகவே விளங்காமல்.

"சரி, அந்த மைதானத்து வீட்டயாச்சும் தரலாமே? சும்மாதானே நிக்கிது."

"எந்த வீடு?"

"மேட மேல கட்டுனீங்களே!"

"அப்படி ஒரு வீடு இல்லக்கா." சுதாகரன் மிகப் பொறுமையாக விளக்கினான். "ஒவ்வொரு வேட்பாளருக்கும் இவ்வளவுதான் செலவழிக்கலாம்னு சட்டம் இருக்கு. ஐயா கணக்குக் குடுத்திட்டாரு. பசை, வாளி, சுவரொட்டி, தொண்டருங்களுக்குப் பிளேன்டீ. அந்த வீடு இருந்திருந்தா செலவு வரம்பத் தாண்டியிருக்கும். தாண்டல. அப்ப வீடு எப்படி இருக்க முடியும்?"

"நான் கண்ணால பாத்தேனே தம்பி. தொட்டேனே."

"ஐயா சட்டத்த மீறுனாருன்னு சொல்றீங்களா அக்கா?"

"ஐயையோ, இல்ல. அப்ப... அத யாராச்சும் எடுத்திட்டுப் போனா?"

சுதாகரன் சிரித்துவிட்டான். "இல்லாதத யாருக்கா எடுக்க முடியும்?"

பூரணி போனை வைத்துவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகினாள்.

"ஏங்க, ஸ்டோர்ல ஸ்பேனர் இருக்குதா?"

அழகுமுத்து தலையாட்டினான். இந்த முறை சரியான பக்கம்தான்.

ஹட்டன் மைதானத்தின் காவலாளி செல்லசாமி அவர்களைக் கண்டதும் அழாக்குறையாகப் புலம்பினார். "பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வருதும்மா. இந்த வீட்ட அப்புறப்படுத்துங்கன்னு மேடக்காரங்கிட்ட கேட்டா, கட்டத்தான் காசு வாங்குனோம், பிரிக்க வாங்கலங்கிறான். கட்சி ஆபீசுல கேட்டா, அப்படி வீடே இல்ல, கண்ண டெஸ்ட் பண்ணுங்கங்கிறாங்க. நானும் போயி டெஸ்ட் பண்ணிட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம்."

"நீங்க கவலப்படாதீங்கண்ணே," என்றாள் பூரணி. "எங்க வீட்டப் பாத்துச் செஞ்சதுதான். எது எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்."

கீழ் லயமே ஹட்டனுக்கு வந்திருந்தது. முனாப் தன் லொறியைக் கொண்டுவந்திருந்தார். வந்தாலும் பயந்துகொண்டேதான் இருந்தார். பொழுது சாய்வதற்குள் வீடு பிரிந்துவிட்டது. செல்லசாமி ஒவ்வொரு தகரத்தையும் கும்பிட்டு வழியனுப்பினார்.

அக்கரபத்தனைக்குத் திரும்பும் வழியில் பொலிஸ் லொறியை நிறுத்தியது. முனாப் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். டோர்ச்சை அடித்தபடி வந்தவர் அதே தடித்த மீசைச் சார்ஜன்ட். லொறியின் உச்சியில் தகரக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த பூரணியை அடையாளம் கண்டுகொண்டார். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். காகெத?

பூரணி இடமும் வலமும் பார்த்தாள். இந்த முறை வேறு யாரும் உரிமை கோரவில்லை.

"மகே மாத்தயா."

சார்ஜன்ட் டோர்ச்சை அணைத்து, கையசைத்து அனுப்பினார்.

ஏழ்மையை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று தாராளமாகக் கட்டியிருந்தபடியால், தகரம் பூரணி வீட்டோடு முடியவில்லை. கீழ் லயம் முழுவதற்கும் வந்தது. நிபுணர் போட்ட ஓட்டைகளை எல்லாம் அழகுமுத்து தாரும் துணியும் வைத்து ஒவ்வொன்றாக அடைத்தான். தாருக்கு முனாப் காசு வாங்கவில்லை.

லோஜினி பெண்பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அடைமழை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் பிள்ளை பார்க்க வந்து, பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே தடதடவென்று மழை. கீழே ஒரு சொட்டு இல்லை. சட்டியில் சொட்டு விழுகிற சத்தம் கேட்டு வளராத அந்தப் பிள்ளை நன்றாகத் தூங்கியது. பூரணிதான் தூங்காமல், கை நீட்டி நீட்டித் தரையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடியும் தடவினாள்.

புதுக்கூரை போட்ட லயத்தின் படம் எப்படியோ தலைவரின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் அதைத் திறந்துவைக்க வருவதாகச் சுதாகரன் அறிவித்தான். குடியிருந்துகொண்டிருக்கிற லயத்தை எப்படித் திறப்பது என்று தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா கேட்டதற்கு, அதெல்லாம் நாடா கட்டினால் சரியாகிவிடும் என்றான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்தில் மேடை எழுந்தது. மழைக்காலம் என்பதால் மேடைக்கும் பிரமுகர் பகுதிக்கும் பளபளக்கும் தகரத்தில் கூரை வேய்ந்தார்கள். அபிவிருத்தி விழா என்பதால் இந்தத் தகரங்களில் ஓட்டை போடவில்லை.

"இந்த வாட்டி நீங்களே பூரணியா வரலாம் அக்கா," என்று சுதாகரன் பெருந்தன்மையாகச் சொன்னான். "சந்தோசம்தானே, உங்களுக்கு அது நல்லா வரும்."

தலைவர் நாடாவை வெட்டினார். பூரணி மாலை போட்டாள். அவர் கூரையை அண்ணாந்து பார்த்து, நா தழுதழுக்கப் பேசினார்:

"உறவுகளே! என் தந்தை கொடுத்த வாக்கை இன்று நான் நிறைவேற்றிவிட்டேன். எத்தனையோ அரசாங்கங்கள் கோடிகளைச் செலவழித்தும் முடியாத காரியம் இது. அரசாங்கத்தின் ஒரு சதம், கட்சியின் ஒரு சதம், என் சொந்தப் பணத்தில் ஒரு சதம் செலவழிக்காமல் இந்த லயத்துக்குக் கூரை போட்ட ஒரே தலைவர் நான்தான்!"

கூட்டம் மெய்யாகவே கைதட்டியது. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

தலைவரின் ஹெலிகொப்டர் மலை தாண்டி மறைந்ததும் சுதாகரன் மேடையில் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். களத்தில் கூட்டம் கலையவில்லை. கலையாததோடு நெருங்கியும் வந்தது. மேல் லயத்துக்காரர்கள். அவர்கள் கூரைகள் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தன. ஆண், பெண் எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு ஸ்பேனர் இருந்தது. இல்லாதவர்கள் கொழுந்துக் கூடை கொண்டுவந்திருந்தார்கள், ஆணி போட்டுக்கொள்ள. முன்னால் அழகுமுத்து ஏணியோடு நின்றான். பூரணி அவர்களுக்கு எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னா இது?" என்றான் சுதாகரன். தலைக்கு மேலே முதல் தகரம் கிறீச்சிட்டு நகர்ந்தது. அந்த இடைவெளியில் சாம்பல் நிற வானம் தெரிந்தது. "நான் எறங்குற வரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?"

"சுருக்கா எறங்கிக்கங்க தம்பி," என்றாள் பூரணி. "மழ வருது."

சொல்லி வாய் மூடவில்லை, கொட்டத் தொடங்கிவிட்டது. சுதாகரன் மேடை நடுவில் வயர்ச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மேல் லயத்துக்காரர்கள் தகரங்களைத் தலைக்கு மேல் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே வரிசையாக மலையேறினார்கள். அவர்களில் ஒருவரும் நனையவில்லை.